பிடித்த அமெரிக்க அதிபராக லிண்டன் ஜான்சனைச் சொன்னால், வியட்நாமை எங்கே வைப்பது?

வைகறை:

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு "எனக்குப் பிடித்த அமெரிக்க அதிபர்" என்று தலைப்பு. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். லிங்கன், ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட், கென்னடி மூவரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு லிண்டன் ஜான்சன் மேல்தான் நாட்டம். 1964 சிவில் உரிமைச் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம், மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), குடியேற்றச் சட்டம் என்று இரண்டே ஆண்டில் அவர் காலத்தில் நடந்தவை இன்னும் அந்த நாட்டைத் தாங்கி நிற்கின்றன.

மூன்று இடத்தில் தடுமாறுகிறேன். அறிஞர்கள் போடும் தரவரிசையை எவ்வளவு நம்பலாம்? "எல்லாம் கென்னடி தொடங்கி வைத்தது, இவர் கையெழுத்துதான் போட்டார்" என்று யாராவது எழுந்து சொன்னால் என்ன பதில்? வியட்நாம் போரை வைத்துக்கொண்டு ஒருவரைப் "பிடித்தவர்" என்று மனசாட்சியோடு சொல்ல முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி:

தரவரிசையை முதலில் முடித்துவிடலாம், அதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. 1948இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் என்ற வரலாற்றாசிரியர் 55 அறிஞர்களிடம் கேட்டுப் பட்டியல் போட்டதிலிருந்து இந்த வழக்கம் தொடங்குகிறது. இன்று அதிகம் பேசப்படுவது சி-ஸ்பான் தொலைக்காட்சியின் பட்டியல். 2000, 2009, 2017, 2021 என நான்கு முறை வந்திருக்கிறது. நெருக்கடி கால தலைமை, பொருளாதார நிர்வாகம், வெளியுறவு, காங்கிரஸோடு (அமெரிக்க நாடாளுமன்றம்) உறவு, எல்லோருக்கும் சமநீதி என்று பத்து அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பத்துக்கும் ஒரே எடை.

கோளாறு அந்த ஒரே எடையில்தான். வெளியுறவில் மண்ணைக் கவ்வியவர், சமநீதியில் உச்சம் தொட்டவர் என்றால் இரண்டும் கழிந்து அவர் நடுவில் வந்து நிற்பார். ஜான்சன் விஷயத்தில் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. சமநீதியில் லிங்கனுக்கு அடுத்த இடம், வெளியுறவில் கடைசி வரிசை, 2021 மொத்தக் கணக்கில் 11ஆவது. இந்த 11 என்ற எண்ணைப் பார்த்தால் "பரவாயில்லாத ஆள்" என்று தோன்றும். ஜான்சன் எந்த வகையிலும் பரவாயில்லாத ஆள் கிடையாது. இரண்டு ஓரத்திலும் நின்றவர். ஆகவே மொத்த இடத்தை விட்டுவிட்டு, அளவுகோல் வாரியான மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, பட்டியல் நகர்வதைக் கவனியுங்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் 2000இல் 13, 2021இல் 22. உட்ரோ வில்சன் 6இலிருந்து 13. யுலிசிஸ் கிராண்ட் 33இலிருந்து 20. ஐசன்ஹோவரை 1962இல் 22ஆவதாக வைத்தார்கள், 2021இல் 5ஆவது. இவர்களில் ஒருவரும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. ஐசன்ஹோவர் ஏறியதற்கு அவருடைய ஆவணங்கள் திறக்கப்பட்டது காரணம். கோல்ஃப் ஆடிப் பொழுதுபோக்கியவர் என்ற பிம்பத்துக்குப் பின்னால், ஒவ்வொரு முடிவிலும் அவர் கை இருந்தது தெரியவந்தது. ஜாக்சன் இறங்கியதற்குப் பூர்வகுடிகளை விரட்டிய 1830ஆம் ஆண்டுச் சட்டமும் அவருடைய அடிமைகளும் இப்போது கணக்கில் வருவது காரணம். முன்னது புதுச் சான்று, பின்னது புதுக் கண். ஒருவர் இடம் மாறியிருந்தால் இந்த இரண்டில் எது என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் பயன்படுவது அங்கேதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. என் மனதுக்கு மிக நெருக்கமான இடம் இது.

இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமை மசோதாவைக் கென்னடி 1963 ஜூனில் அனுப்பினார். அவர் சுட்டுக்கொல்லப்பட்ட நவம்பர் வாரத்தில் அது பிரதிநிதிகள் சபையின் ரூல்ஸ் கமிட்டியிடம் வந்து நின்றிருந்தது. அதன் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், இனப்பாகுபாட்டை வெளிப்படையாக ஆதரித்தவர். ஒரு மசோதா சபைக்கு வரும் தேதியை அந்தக் கமிட்டிதான் குறிக்க வேண்டும், கூட்டத்தைத் தலைவர்தான் கூட்ட வேண்டும். கூட்டாமலே விட்டால் மசோதா அங்கேயே மட்கிப்போகும். அதற்கு முன் பல மசோதாக்கள் அப்படித்தான் போயின.

ஜான்சன் செய்த முதல் காரியம் சிவில் உரிமை மசோதாவைத் தொட்டதல்ல. செனட்டில் கென்னடியின் வரிக்குறைப்பு மசோதா ஒன்று கிடந்தது. தென்மாநில செனட்டர்களின் உத்தி ஜான்சனுக்கு உள்ளும் புறமும் தெரியும், ஆறு ஆண்டு செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்தவர். முக்கியமான மசோதா எதையாவது பின்னால் காக்கவைத்து, "சிவில் உரிமையைக் கைவிடு, இதை விடுகிறோம்" என்று பேரம் பேசுவார்கள். ஆகவே பணயமாகப் பிடித்துவைக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. நிதிக் கமிட்டியின் தலைவர் ஹாரி பேர்ட் கேட்டது பட்ஜெட் 10,000 கோடி டாலருக்குக் கீழே வர வேண்டும் என்று. ஜான்சன் துறை துறையாக வெட்டி 9,790 கோடிக்குக் கொண்டுவந்து காட்டினார். 1964 பிப்ரவரி 26இல் வரிச் சட்டம் கையெழுத்தானது. களம் காலி.

அதற்குள் பிரதிநிதிகள் சபையில், 218 உறுப்பினர் கையெழுத்திட்டால் கமிட்டியிடமிருந்து மசோதாவைப் பிடுங்கலாம் என்ற விதியைக் காட்டி ஸ்மித்தை நெருக்கினார்கள். அவர் இறங்கி வந்தார். பிப்ரவரி 10இல் 290–130 என்று நிறைவேறியது.

செனட்டில்தான் உண்மையான சண்டை. நீதித்துறைக் கமிட்டியின் தலைவர் மிசிசிப்பியின் ஈஸ்ட்லாண்ட். அங்கே போனால் மசோதா திரும்பாது என்று தெரிந்து, பெரும்பான்மைத் தலைவர் மான்ஸ்ஃபீல்ட் அதைக் கமிட்டிக்கே அனுப்பாமல் நேராகச் சபைப் பட்டியலில் வைத்தார். பிறகு ஃபிலிபஸ்டர், அதாவது வாக்கெடுப்பே வராதபடி பேசிக்கொண்டே இருப்பது. 60 வேலைநாட்கள் போயிற்று. அதை நிறுத்த அன்றைய விதிப்படி 67 வாக்கு வேண்டும். ஜனநாயகக் கட்சிக்கு அத்தனை பேர் இருந்தும், தென்மாநிலத்தவர் எதிர்ப்பக்கம். எனவே குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டெர்க்சன் இல்லாமல் கதை நடக்காது. டெர்க்சனுக்குப் பெருமை சேரட்டும், அவர் திருத்தங்களுக்கு இடம் கொடுங்கள் என்பதே, மசோதாவைச் செனட்டில் நடத்திய ஹம்ஃப்ரீக்கு ஜான்சன் சொன்ன வழி. ஜூன் 10 காலை 71–29. அந்த 71இல் 27 பேர் குடியரசுக் கட்சிக்காரர்கள்.

அன்றைய வாக்கெடுப்பில் ஒரு காட்சியைக் கூட்டத்தில் சொல்லுங்கள். கலிபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. சக்கர நாற்காலியில் அவரை அவைக்குள் கொண்டுவந்தார்கள். பெயரை அழைத்தபோது வாய் திறக்க முடியாமல், கையை மெல்லத் தூக்கித் தன் கண்ணைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணும் ஆமோதிப்பும் ஒரே ஒலி, "ஐ". வாக்கு பதிவானது. அடுத்த மாதக் கடைசியில் இறந்துபோனார்.

ஆக, "யார் செய்தது" என்றால் பதில் பெரிய பட்டியல். அலபாமாவின் பர்மிங்காம் தெருவில் போலீஸ் நாய்க்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் முன்னால் நின்ற பிள்ளைகள் இல்லாமல் மசோதாவே இல்லை. பிரதிநிதிகள் சபையில் மசோதாவை நடத்திய செல்லர், மக்கல்லக், செனட்டில் ஹம்ஃப்ரீ, டெர்க்சன் இல்லாமல் வாக்கு இல்லை. ஜான்சன் பங்கு எது என்று கேட்டால், வரி மசோதாவை முன்னால் தள்ளிய அந்த வரிசைமுறையும், சாரத்தில் சமரசம் கிடையாது என்று கடைசிவரை நின்றதும். வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், தேர்தல் ஆண்டில் மசோதாவை நீர்க்கவிட்டு எதையாவது நிறைவேற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அவரைப் பிடிக்கும் என்று சொல்ல எனக்கு அது போதும்.

கருங்கல்:

ஏட்டுச்சுவடி ஐயா எழுதியதில் ஒரு எண்ணிலும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சித்திரத்தில் பாதி விடுபட்டிருக்கிறது.

1937இல் காங்கிரஸுக்குள் போன நாளிலிருந்து 1957 வரை, இருபது ஆண்டு, வந்த சிவில் உரிமை மசோதா ஒவ்வொன்றையும் எதிர்த்து வாக்களித்தவர் ஜான்சன். ஆளைக் கட்டிவைத்துக் கொல்லும் லிஞ்சிங்குக்கு எதிரான மசோதா, வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டும் என்ற விதியை நீக்கும் மசோதா, எல்லாமே அதில் அடக்கம். இதைச் சொல்லாமல் 1964ஐ மட்டும் சொன்னால் கேட்கிறவர்களுக்கு அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பதே தெரியாது.

இப்போது வியட்நாம். 1963 முடிவில் அங்கே இருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 16,000 பேர், ஆலோசகர்கள் என்ற பெயரில். 1965 முடிவில் 1 லட்சத்து 84 ஆயிரம். 1968இல் 5 லட்சத்து 36 ஆயிரம். போர் முடிந்தபோது அமெரிக்கர் மட்டும் 58,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். வியட்நாமியர் எண்ணிக்கை பல லட்சங்களில் போகிறது. அவர்களைச் சொல்லாமல் அமெரிக்கக் கணக்கை மட்டும் சொல்லும் பழக்கத்தைத் தயவுசெய்து கூட்டத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

போருக்கான அதிகாரம் 1964 ஆகஸ்ட் 7இன் டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தில் வந்தது. ஆகஸ்ட் 2 அன்று வடவியட்நாம் படகுகள் அமெரிக்கக் கப்பலோடு மோதியது உண்மை. ஆகஸ்ட் 4 அன்று இரண்டாவது தாக்குதல் என்று நாட்டுக்குச் சொன்னார்களே, அது நடக்கவே இல்லை. தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த ஆய்வே அதைச் சொல்கிறது, 2005இல் வெளியிட்டார்கள்.

அதைவிட எனக்கு வலிப்பது 1964 மே 27ஆம் தேதித் தொலைபேசி ஒலிப்பதிவு. செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலிடமும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜார்ஜ் பண்டியிடமும் அன்றே ஜான்சன் பேசுகிறார். இந்த இடம் சண்டைபோடத் தகுதியானதென்று தனக்குத் தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் வழி தெரியவில்லை என்ற பொருளில். தரைப்படையை இறக்க இன்னும் ஒன்பது மாதத்துக்கு மேல் இருக்கிறது. தெரியாமல் போய் மாட்டியவரை ஒரு மாதிரி எடைபோடலாம். தெரிந்தே போனவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

வைகறை, உங்களிடம் யாராவது "அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்" என்பார்கள். எந்த அதிபரைப் பற்றிப் பேசினாலும் வரும் வாதம் இது. சோதித்துப் பார்க்க ஒரே வழி, அதே வாரத்தில், அதே கட்டடத்தில், வேண்டாம் என்று சொன்னவர் யாராவது உண்டா என்று தேடுவது. ஜாக்சனின் 1830 சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102–97 என்று மயிரிழையில்தான் தப்பியது. செனட்டில் நியூ ஜெர்சியின் ஃப்ரீலிங்ஹைசன் மூன்று நாளாக ஆறு மணி நேரம் எதிர்த்துப் பேசினார். ரூஸ்வெல்ட் 1942 பிப்ரவரியில் ஆணை 9066இல் கையெழுத்திட்டு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தபோது, அவருடைய அட்டர்னி ஜெனரல் பிரான்சிஸ் பிடில் எதிர்த்திருந்தார். ஜான்சனுக்கு வெளியுறவுத் துணைச் செயலர் ஜார்ஜ் பால் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். துணை அதிபர் ஹம்ஃப்ரீ 1965 பிப்ரவரியில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பரிசாக ஹம்ஃப்ரீயை வியட்நாம் ஆலோசனைகளிலிருந்து மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்தார் ஜான்சன். மாற்று வழி மேசை மேலேயே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்தியா சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. 1965–66 வறட்சியில் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கோதுமையை மொத்தமாக ஒப்பந்தம் போடாமல், மாதாமாதம் தானே பார்த்து அனுமதிக்கும் முறையை ஜான்சன் வைத்துக்கொண்டார். கப்பல் வந்தால்தான் ரேஷன் என்ற நிலை. 1966இல் நம் தானிய இறக்குமதி ஏறத்தாழ 1 கோடி டன், பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்ததும் அந்தக் கயிறு இறுகியதற்கு ஒரு காரணம். மறுபக்கம், விவசாயத்தில் முதலீடு செய்ய வேண்டும் என்ற அவருடைய நிபந்தனையும், அப்போதைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் ஏற்கெனவே போக நினைத்த திசையும் ஒன்றாகவே இருந்தன. 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் செயலர் ஃப்ரீமனோடு சி.எஸ். அதை ஒப்பந்தமாக எழுதிக்கொண்டார். மறு ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. பசியில் இருப்பவர் முன்னால் மாதாமாதம் தட்டை நீட்டிச் சுருக்கியதை நான் மன்னிக்கவில்லை. பசுமைப் புரட்சிக்கு அவர்தான் காரணம் என்று எழுதுகிறவர்கள் சி.எஸ்.ஸைப் படிக்கட்டும்.

மணற்கேணி:

ஜான்சனை நான் தடுக்கவில்லை. ஆனால் பிடித்தவர் பட்டியலில் யாரும் கை வைக்காத ஒருவர் இருக்கிறார், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதிபராக இருந்த கிராண்ட்.

பள்ளிப் பாடங்களில் நெடுங்காலம் அவர் குடிகாரர், ஊழல் ஆட்சிக்காரர். ஊழல் நடந்தது உண்மைதான். மதுவரி ஏய்ப்புக் கும்பல் 1875இல் பிடிபட்டபோது அவருடைய சொந்தச் செயலர் பாப்காக்கே அதில் சிக்கினார், கிராண்ட் அவருக்காகச் சாட்சியம் அளித்தார். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவர் கண் மங்கல். இதை ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

மறுபக்கம் பாருங்கள். 1870இல் நீதித்துறை என்ற அமைச்சகமே உருவாகிறது. 1871 ஏப்ரலில், கறுப்பினத்தவரைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளானுக்கு எதிரான சட்டம். அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, ராணுவத்தை அனுப்பி நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தார். வழக்கை நடத்திய அட்டர்னி ஜெனரல் ஏக்கர்மன் உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் இருந்தவர். 1872 தேர்தலுக்குள் முதல் கிளான் முறிந்துபோயிற்று.

பிறகு எங்கே சறுக்கியது? 1873 நிதி நெருக்கடி, 1874இல் பிரதிநிதிகள் சபை கைமாறியது, வடக்கு மக்களுக்குச் சலிப்பு. 1875இல் மிசிசிப்பி ஆளுநர் ஏம்ஸ் படை கேட்டார், கிராண்ட் அனுப்பவில்லை. அந்தத் தேர்தலைத் துப்பாக்கி முனையில் பறித்தார்கள். 1877க்குள் எல்லாம் கவிழ்ந்தது.

"நிலைக்காத சாதனை சாதனையா" என்று கேட்பார்கள். அந்த 1871 சட்டத்தின் முதல் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் உரிமையை மீறினார் என்று குடிமகன் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனால், பெரும்பாலும் "செக்‌ஷன் 1983" என்ற அந்த ஏற்பாட்டின் கீழ்தான் போகிறார். ஒருவருடைய சாதனையை அடுத்த அதிபர் வரை பார்த்தால் போதாது, நூறாண்டு தள்ளியும் பார்க்க வேண்டும். ஜான்சனின் வாக்குரிமைச் சட்டத்துக்கும் இதே பார்வை வேண்டும். மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவான கறுப்பினத்தவர் 6.7 சதவீதத்திலிருந்து இரண்டே ஆண்டில் 59.8 சதவீதம் ஆனார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் எந்தெந்த மாநிலங்கள் வாக்களிப்பு விதிகளை மாற்ற முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற சூத்திரத்தை ரத்து செய்தது, சட்டத்தின் முதுகெலும்பு அங்கே உடைந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வைகறை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கருங்கல் சொன்ன இருபது ஆண்டு எதிர்வாக்கு எனக்குத் தெரியாது, கட்டாயம் சேர்க்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். மூல ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்க எங்கே போக வேண்டும்? பொருளாதாரத்தை வைத்து அதிபரை எடைபோடலாமா? வட்டத்தில் ஒருவர் ரேகனை எடுத்து, பணவீக்கத்தை அவர்தான் அடக்கினார் என்று பேசப் போகிறார்.

நூலகத்தான்:

ரேகனிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கப் பணவீக்கம் உச்சம் தொட்டது 1980 தொடக்கத்தில், ஏறத்தாழ 14.8 சதவீதம். அதை முறித்தது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி, ஒரு கட்டத்தில் 20 சதவீதம் வரை போனது. அதைச் செய்த தலைவர் பால் வோல்க்கர். அவரை நியமித்தது 1979 ஆகஸ்டில் கார்ட்டர். அந்த வட்டியின் வலியில் கார்ட்டரின் 1980 தேர்தல் போயிற்று. 1982இல் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியபோதும் வோல்க்கரைப் பின்வாங்கச் சொல்லாமல் இருந்தது ரேகன், 1983இல் மறுநியமனமும் செய்தார். ஆக, விதை ஒருவருடையது, பொறுமை இன்னொருவருடையது. உங்கள் நண்பர் அந்தப் பொறுமையைப் பற்றிப் பேசினால் வாதம் நிற்கும்.

பொதுவாக, பதவியேற்பது ஜனவரி 20, அன்றைய நிதியாண்டு முந்தைய அக்டோபரிலேயே தொடங்கியிருக்கும். முதல் ஆண்டின் கணக்கு முன்னவர் போட்டது. பதவிக்காலத் தேதிகளுக்கு நடுவே கோடு கிழித்து வளர்ச்சி விகிதம் காட்டும் வரைபடங்களை நம்பிப் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆவணங்களுக்கு வரிசையாகப் போங்கள். உரைகள், நிர்வாக ஆணைகள், வீட்டோக்கள் எல்லாம் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் இருக்கும் "அமெரிக்கன் பிரசிடென்சி புராஜெக்ட்" தளத்தில் தேதி வாரியாகக் கிடைக்கும். ஜான்சன் 1963 நவம்பர் 27 அன்று காங்கிரஸில் பேசியதையும் செல்மாவில் வாக்குரிமை ஊர்வலத்தினர் தாக்கப்பட்ட பிறகு 1965 மார்ச் 15 அன்று பேசியதையும் அங்கே முழுதாகப் படியுங்கள். ஒலிப்பதிவுகளுக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் சென்டர். ஜான்சன் தொலைபேசிப் பதிவுகள் மட்டும் 600 மணி நேரத்துக்கு மேல். எழுத்துவடிவத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டாதீர்கள், ஒலியையும் கேளுங்கள். டெக்சாஸ் உச்சரிப்பில் சொல் பிறழ்ந்து எழுதப்பட்ட இடங்கள் உண்டு. அதோடு அவர் எதிராளியை வளைக்கப் பேசுகிற பேச்சு எது, உள்ளே நினைப்பது எது என்பது குரலில்தான் பிடிபடும். வெளியுறவுக்கு வெளியுறவுத் துறையே பதிப்பிக்கும் ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசம். ஜார்ஜ் பாலின் குறிப்புகள் வியட்நாம் தொகுதிகளில் இருக்கின்றன, இந்தியக் கோதுமை விவகாரம் தெற்காசியத் தொகுதியில்.

அதிபர் நூலகங்களில் ஒரு பொறி இருக்கிறது. ஆவணக் காப்பகத்தை நடத்துவது தேசிய ஆவணக் காப்பகம். அருங்காட்சியகத்தைக் கட்டிக் கொடுப்பது பெரும்பாலும் அவருடைய ஆதரவாளர்களின் அறக்கட்டளை. ஒரே கட்டடம் என்பதால் கண்காட்சிப் பலகையில் எழுதியதை ஆவணம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

புது அதிபர்களை எடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். 1978 சட்டப்படி, ரேகன் முதல் அதிபரின் ஆவணங்கள் அரசின் சொத்து. பதவி முடிந்து ஐந்து ஆண்டு பொதுமக்களுக்குக் கிடைக்காது, ஆலோசகர்களின் அந்தரங்க ஆலோசனை போன்ற சில வகைகளைப் பன்னிரண்டு ஆண்டு வரை பூட்டலாம். ஒபாமாவுக்கு அந்தப் பன்னிரண்டு முடிவது 2029 ஜனவரியில். அதற்கு முன் சொல்லும் தீர்ப்பு செய்தித்தாளை வைத்துச் சொல்லும் தீர்ப்புதான்.

மேற்கோள்களில் கவனம் தேவை. 1964 சட்டத்தில் கையெழுத்திட்ட இரவு, தெற்கை நம் கட்சி நெடுங்காலத்துக்கு இழந்துவிட்டது என்று ஜான்சன் சொன்னதாக எல்லோரும் எழுதுவார்கள். அது உதவியாளர் பில் மோயர்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தது. ஒலிப்பதிவு கிடையாது, வார்த்தைகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. "மோயர்ஸ் நினைவுகூர்கிறார்" என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

கருங்கல் சொன்னதை ஏற்கிறேன். அந்த மே 27 ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு வியட்நாமை "சூழ்நிலை" என்று யாரும் தள்ளிவிட முடியாது.

வைகறை, நேரத்தைப் பிரிப்பது பற்றி. சட்டங்களை எல்லாம் அடுக்கினால் பதினைந்து நிமிடத்தில் ஒன்றும் மனதில் நிற்காது. வரி மசோதாவிலிருந்து ஜூன் 10 வரை ஆறு நிமிடம் கொடுங்கள். பிறகு, சட்டம் காகிதத்திலிருந்து தரைக்கு எப்படி இறங்கியது என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டாக மெடிகேர் மூன்று நிமிடம். 1964 சட்டத்தின் ஆறாம் பகுதிப்படி, பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு அரசுப் பணம் கிடையாது. 1966 ஜூலையில் மெடிகேர் பணம் வரப்போகிறது என்றதும், கறுப்பருக்குத் தனி வார்டு வைத்திருந்த தென்மாநில மருத்துவமனைகள் சில மாதங்களில் வார்டுகளை ஒன்றாக்கின. நீதிமன்றத்தில் பல ஆண்டு இழுத்த காரியம் அது. குடியேற்றச் சட்டம் ஒரு நிமிடம் போதும். 1946 முதல் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 என்றிருந்த ஒதுக்கீடு 1965 சட்டத்தால் ஒழிந்து, நாட்டுக்கு 20,000 வரை என்று ஆனது. இன்று டெட்ராய்ட், ஹூஸ்டன், நியூ ஜெர்சி என்று தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கு வாசல் அதுதான், கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும். மிச்சம் ஐந்து நிமிடம் முழுக்க வியட்நாம். அதைக் கடைசியில் வையுங்கள், நடுவில் வைத்துவிட்டு மெடிகேரில் இனிப்பாக முடிக்காதீர்கள்.

கருங்கல்:

அந்த ஐந்து நிமிடத்தில் டோங்கின் தீர்மானத்தின் வாக்குகளைச் சொல்லுங்கள். பிரதிநிதிகள் சபையில் 416–0, செனட்டில் 88–2. அந்த இருவர் ஓரிகனின் வேய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங். இருவரும் ஜான்சனின் கட்சியே. எட்டு வாரம் முன்பு ஜூன் 10 அன்று கிளேர் எங்கிளின் பக்கம் நின்று 71இல் இருவராக வாக்களித்தவர்களும் அவர்கள்தான்.